தௌரெனின் மூன்று கார்டுகள்

கஜகஸ்தானின் கரகந்தி நகரத்துத் தௌரென், பிறர் சொல்லி எதையும் ஏற்பவரல்லர். காலணி ஒன்று வாங்கவும் நான்கு கடை ஏறி இறங்குவார்; தம் கணினியிலோ லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தவிர வேறொன்றையும் அண்டவிடார். அத்தகையவர் இப்போது மேசைக்கடியில் தலையை நுழைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். புதிதாகப் பொருத்திய கிராபிக்ஸ் கார்டு திரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் காட்டவில்லை.

காரணம், மனைவியின் தங்கை கணவன் தல்கத். "லினக்ஸ்ல டாங்கிச் சண்டை விளையாட்டை ஓட்டிக் காட்டுங்க பாப்போம்!" என்று மாமனார் முன்னிலையில் சவால் விட்டிருந்தான். சனிக்கிழமை விருந்துக்குள் ஓடாவிட்டால், தல்கத் தன் கையாலேயே தௌரெனின் கணினியில் விண்டோஸ் ஏற்றுவான். குடுமியைப் பிறன் கையில் கொடுப்பதும் அதுவும் ஒன்றே.

கைபேசி ஒலித்தது.

"என்ன சகலை, பொட்டி உயிரோட இருக்கா?"

"இருட்டா இருக்கு. கார்டை ஓட்டற டிரைவர் மென்பொருள் சேரலை."

"அடப்பாவமே! எந்த டிரைவர்? விவரமாச் சொல்லுங்க, சிரிக்கணும்ல?"

தௌரென் பல்லைக் கடித்துக்கொண்டு விவரமாகச் சொன்னார்.

கடைக்காரனிடம் மன்றாடி மாற்றிய இரண்டாம் கார்டு, லினக்ஸுக்கென்றே பிறந்தது என்று இணையத்தில் ஆயிரம் பேர் சத்தியம் செய்தது. படம் வந்தது, விளையாட்டைத் திறந்ததும் கணினி உறைந்தது. "கர்னலைப் புதுப்பி" என்றனர் அந்த ஆயிரம் பேரும். லினக்ஸின் உயிர்நாடியான அதையும் புதுப்பித்தார். உறைவது நின்றது, ஒலி போயிற்று, இணையமும் போயிற்று. இனி அந்த ஆயிரம் பேரிடம் கேட்கவும் வழியில்லை.

"ஏங்க, தங்கச்சி புருஷன்கிட்டத் தோத்தா உசிரா போயிடும்?" என்றாள் மனைவி ரௌஷான், மாவு பிசைந்தபடியே.

"உசிரு போனாப் பரவால்ல. விண்டோஸ் வந்துடும்!"

மீண்டும் கைபேசி.

"கர்னலுக்கு என்ன கட்டளை போட்டீங்க சகலை? மெதுவாச் சொல்லுங்க."

"உனக்கெதுக்குப்பா அது?"

"சும்மா... மாமாகிட்டச் சொல்லிச் சிரிக்கத்தான்."

மூன்றாம் கார்டு முழங்கை நீளம் இருந்தது. கணினிப் பெட்டிக்குள் நுழையவில்லை. தௌரென் பெட்டியை ரம்பத்தால் அறுத்து நுழைத்தார். பொத்தானை அழுத்தியதும் வீடே இருண்டது. துணி துவைக்கும் இயந்திரம் வயிறு நிறைய நீருடன் நின்றது. சற்றைக்கெல்லாம் கதவு இடிபட்டது.

"விளையாட்டு ஆரம்பிச்சிடுச்சு போல," என்றாள் ரௌஷான். "பக்கத்து வீட்லயும் கரண்டு போச்சாம், வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து நிக்கறார்."

சனிக்கிழமை, மாமனார் வீட்டில் பெஷ்பர்மாக் என்னும் இறைச்சி விருந்துத் தட்டைச் சுற்றி எல்லாரும் அமர்ந்தனர். தௌரென் தலை நிமிராமல், "தோத்துட்டேன் தல்கத். வந்து விண்டோஸ் ஏத்திக்கோ," என்றார்.

எதிர்பார்த்த சிரிப்பு எழவில்லை. தல்கத்தின் முகம் வெளிறிற்று.

"அவசரப்படாதீங்க சகலை! இன்னும் ஒரு வாரம் வேணா..."

தேநீர்க் கிண்ணங்களோடு வந்த அவன் மனைவி கம்ஷத்துக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், நீங்க கைவிட்டா எங்க கதி என்ன? நீங்க போன்ல சொன்னதையெல்லாம் இவரு அதே கார்டுகளை வாங்கி எங்க வீட்டுப் பொட்டியிலயும் அப்படியே பண்ணிட்டாரு. விண்டோஸை மொத நாளே அழிச்சாச்சு. நேத்து எங்க வீட்லயும் கரண்டு போச்சு!"

தௌரென் வாயிலிருந்த இறைச்சியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நாளைக்குக் கடைக்குப் போறேன்," என்றார். "இந்தத் தடவை ரெண்டா வாங்கிடறேன்."