பிடோக் புளோக்கில் இமயமலை

பிடோக், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சகலை செல்வராஜ் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். பூன் லேயில் நீங்களும் மோகனப்பிரியாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், வாட்ஸ்ஆப்பில் தினமும் பார்க்கிறேனே. அதில் எழுதினால் குடும்பமே படிக்கும் என்பதால், உங்களிடம் இரவல் வாங்கிய அன்னபூர்ணா மலைநடை வழிகாட்டிப் புத்தகத்துக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

ஒளிப்பானேன், எனக்குப் பொறாமைதான். போன வருடம் 5,416 மீட்டர் உயரக் கணவாயில் நீங்கள் நின்ற படத்தை என் மனைவி சரஸ்வதி போன் முகப்பில் வைத்திருக்கிறாள். அதற்குமுன் அங்கே இருந்தது எங்கள் கல்யாணப் படம். தேக்கா சந்தையில் கறி வாங்கும்போதும் காட்டுகிறாள். கடைக்காரர் அப்துல் அலீம், "யாருண்ணே இவரு, சினிமாக்காரர் மாதிரி இருக்காரு?" என்கிறார். வெட்டிய கறியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் என்னை ஒருநாளாவது யாரிடமாவது அப்படிக் காட்டியிருப்பாளா? ஆகவே, மார்ச்சில் நீங்கள் இருவரும் மறுபடி போகும்போது நானும் வருகிறேன். உங்களுக்கு முன்னால் நடப்பேன்.

பயிற்சியெல்லாம் புத்தகப்படிதான். கணவாய் நாளன்று ஏற்றம் தொள்ளாயிரம் மீட்டர் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டேன், எங்கள் பதின்மூன்று மாடி புளோக்கை இருபத்தேழு தடவை ஏற வேண்டும். முதுகில் பத்துக் கிலோ அரிசி மூட்டையுடன் ஏறினேன். நான்காம் நாள் மூட்டை கிழிந்து ஒன்பதாம் மாடி முழுக்க பொன்னி அரிசி. இறக்கம் பற்றிய பக்கத்தை நான் படிக்கவில்லை, இறங்குவதற்கு எதற்குப் புத்தகம்? ஒவ்வொரு தடவையும் லிஃப்டில் வந்துவிடுவேன். சரஸ்வதி, "தண்ணி குடுக்க ஆள் வேணும் லா" என்று கூடவே ஏறினாள். ஆனால் இறங்கும்போது மாடிக்கு மாடி நின்று கதை பேசிக்கொண்டு படியிலேயே வருவாள். நேரவிரயம். எப்படியும் நான் தயார். உங்கள் படத்துக்கு இனி கொஞ்ச நாள்தான்.

வயதில் மூத்தவன் என்ற ஒரே உரிமையில் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கராஜு

பி.கு.: மேலே உள்ளதை எழுதிப் பத்து நாளாயிற்று. நேற்று எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு மலையில் ஒத்திகை பார்த்தோம். உச்சிக்கு நான்தான் முதலில் போனேன். இறங்கும்போதுதான் அங்கே லிஃப்ட் இல்லை என்பது என் முழங்காலுக்குத் தெரிந்தது. இரண்டு பையையும் சரஸ்வதிதான் சுமந்தாள், என்னையும் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எனக்கு மலையே கூடாதென்றார். அவளிடம், "நீங்க தாராளமா போகலாம்" என்றார். விட்டுப்போன பக்கத்தை இப்போது படித்தேன். கணவாய் நாளன்று இறக்கம் மட்டும் ஆயிரத்து அறுநூறு மீட்டராம்.

மார்ச்சில் உங்களோடு வருவது சரஸ்வதி. கணவாயில் அவள் நிற்கும் படத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள். அப்துல் அலீமிடம் காட்ட வேண்டும். அந்தப் படத்தில் தயவுசெய்து நீங்கள் நிற்க வேண்டாம்.