ஜெபமணியின் ஹங்கேரிப் பிஸ்டல்

"தேர்தலை முன்னிட்டு, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் உடனே ஸ்டேஷனில் ஒப்படைக்கவும்!" என்று மைக் ஆட்டோ கத்திக்கொண்டு போனபோது, ஏலக்காய் வியாபாரி ஜெபமணியின் பிஸ்டல் அடுப்படியில் இருந்தது.

மனைவி ஜெபஷீலா விசையை அமுக்கினாள். குழல் முனையில் நீலச் சுடர். காப்பிக்கு அடுப்புப் பற்றிக்கொண்டது.

லைட்டர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா ஜாஸ்பர், "எங்க வீட்ல ஜெர்மன் பட்டாளத்துப் பிஸ்டல் இருக்கு" என்று மீசையை நீவியதை ஜெபமணியால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்ட ஹங்கேரிப் பிஸ்டல் இருக்கு. அந்த ஊரு போலீஸ் கழிச்சு விட்டது. சேகரிக்கிறவுக கொத்திக்கிட்டுப் போற சரக்கு" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டிவிட்டார்.

"அட, அடுப்பு லைட்டரு அங்கனயா இருக்கு?" என்று ஜெபஷீலா கேட்டதை, பலமாக இருமி மறைத்தார்.

இப்போது செல்போன் அடித்தது. ஜாஸ்பர்.

"சம்பந்தி, ஒப்படைச்சுட்டீகளா? நான் நேத்தே குடுத்துட்டேன்."

"அது... மதுரைக்கு சர்வீசுக்குப் போயிருக்கு."

"எந்தக் கடை? ஏட்டய்யாட்டச் சொல்லி வாங்கியாரச் சொல்லுவமா?"

"வேணாம் வேணாம்! இப்பத்தான் வந்துச்சு. குடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. துப்பாக்கி இருக்கிற வீடுன்னுதான் எங்க பெரியப்பா தலையாட்டுனாக. சாயங்காலம் ரசீதோட வாங்க, நிச்சயத் தேதி குறிச்சிருவோம்."

கதவோரம் மகள் நின்றாள். பையனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஜெபமணி லைட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷன் வாசலில், "அய்யா, பிஸ்டல் கொண்டாந்திருக்கேன்" என்று அவர் துண்டை உதற, பாராக்காரர் பெஞ்சுக்கடியில் பாய்ந்தார். பயத்தில் ஜெபமணியின் விரல் விசையை அமுக்கியது. மேசையிலிருந்த தேர்தல் நோட்டீஸ் பற்றிக்கொண்டது.

ஏட்டு பாண்டீஸ்வரன் தன் டீயை ஊற்றி அதை அணைத்தார்.

"என்னய்யா இது?"

"லைட்டருங்கய்யா. மக கல்யாணம்யா... ஜாஸ்பர் வீட்டு சம்பந்தம்..." ஜெபமணி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஏட்டு லைட்டரை வாங்கி ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி பெண் போலீசைக் கூப்பிட்டார்.

"பூமாரி, இத ஜாஸ்பர் குடுத்த பிஸ்டலு பக்கத்துல வையி. பாத்துத் தூக்கும்மா, அது இன்னும் தண்ணி பீச்சுது."