நான்கு கேபிள் டையும் ஒரு முன்பல்லும்

எதையும் லேசாகக் கட்ட எனக்குத் தெரியாது. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அங்கே இது தகுதி. வெளியே வந்தால் ஆபத்து.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு, குன்றத்தூரிலிருந்து வருங்கால மாமனார் தன் பழைய காரில் அழைத்துப்போக வந்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த ஃப்யூஸ் பெட்டியின் மூடி என் முழங்காலில் விழுந்தது.

"கிளிப் ஒடஞ்சிகீது மா. சும்மா கைல புட்ச்சிக்கோ."

பிடித்துக்கொள்வதா? (இன்ஜினீயர் மருமகள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாரே!) உள்ளே போய் உற்பத்தி லைனில் கேட்டு, ஒருமுறை இழுத்தால் வெட்டாமல் அவிழாத பிளாஸ்டிக் பட்டைகளான கேபிள் டை நான்கும், ஒரு கட்டரும் வாங்கிவந்தேன். இழுத்துக் கட்டி, நீட்டிய வால்களை ஒட்ட நறுக்கி, கட்டரை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்தேன். கத்தி, பிளேடு எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது.

மாமா ஆட்டிப் பார்த்தார். "வெடி வெச்சாலும் வராது போலகீதே!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படப்பை வருமுன் மழை கொட்டியது. திடீரென வைப்பர் நின்றது. ஹார்னும் ஊமை.

"ஃப்யூஸ் பூட்ச்சி. மூடியக் கழட்டு மா, ஸ்பேர் உள்ளதான் கீது."

மனதில் பட்டியல் ஓடியது. ஒன்று, பிரேக் லைட்டும் அதே ஃப்யூஸ்தான். இரண்டு, பின்னால் கண்டெய்னர் லாரி. மூன்று, ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் இருப்பது தரையா பள்ளமா தெரியவில்லை. நான்கு, என்னிடம் நகவெட்டிகூட இல்லை. சாவியால் நெம்பினேன். அசையவில்லை. நான் கட்டியதாயிற்றே!

"மாமா, தொறக்க முடியல."

"இன்னாது?"

லாரியின் வெளிச்சம் காருக்குள் நிரம்பியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நனைந்தபடி காரை மெல்ல நகர்த்தினார் மாமா. "நான் முருகனக் கூப்ட்டுக்கினு கீறேன், நீ எதுனா பண்ணு மா!"

குனிந்தேன். கடித்தேன். மூன்று டை அறுந்தன. நான்காவதோடு முன்பல்லின் ஒரு மூலையும் போனது. புது ஃப்யூஸைச் செருகினேன். வைப்பர் ஒரு முறை துடைத்ததும் கண்ணாடிக்கு முன்னால் தெரிந்தது, பழுதாகி நின்ற டிராக்டர்.

மாமா பிரேக்கை மிதித்தார். நல்லவேளை, பிரேக் லைட் எரிந்தது. லாரியும் அலறிக்கொண்டு நின்றது.

கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். ஃப்யூஸ் பெட்டியின் மூடியை இப்போது என் தலைமுடி ரப்பர் பேண்ட் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லையென்றால் மாமா ஸ்பேனர் தேடுவதில்லை.

"மருமவளக் கூப்புடு. பல்லு இன்னும் முப்பத்தொண்ணே முக்கால் கீது!"