வச்சிரக் கொம்பன் நாலாம் பாகம்: விரைவில்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கிழக்குச் சரிவில், மாசிலாமணி என்று ஓர் உடும்பு வாழ்ந்தது. அதற்கு வயது பன்னிரண்டு. அந்தக் காட்டு உடும்புகள் பதினைந்து வயதுவரை இருக்கும். நல்ல உடம்பென்றால் ஒரு மழைக்காலம் கூடுதலாகத் தாங்கும். மாசிலாமணிக்கு நல்ல உடம்பு இல்லை. ஒரு கேமின் நாலாம் பாகத்துக்காக ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த உடம்பு அது.

கேமின் பெயர் 'வச்சிரக் கொம்பன்'. ஏரிக்கரையில் ஆமைகள் நடத்திய நிறுவனம் ஒன்று அதைச் செய்தது. கதாநாயகன் ஒரு காண்டாமிருக வண்டு. சாணிமேட்டில் வெறும் புழுவாகத் தொடங்கி, எறும்புப் படைகளை அடித்து, வழியில் பார்க்கிற குளவிகள் ஏவும் எடுபிடி வேலைகளை எல்லாம் செய்து, லெவல் ஏறி, கொம்பைக் கூராக்கிக்கொண்டு, கடைசியில் சிலந்திக் கோட்டையைப் பிடிக்க வேண்டும். உடும்புகள் பொதுவாக வண்டைக் கண்டால் விழுங்கிவிடும். முதல் பாகத்தை முடித்த அன்றே மாசிலாமணி வண்டு தின்பதை விட்டுவிட்டது. அதிலிருந்து சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில் அதற்குத் தனிப் பந்தி போட்டார்கள்.

அந்த நாட்களில் பக்கத்துப் புற்றில் வீரபாகு என்ற கீரி இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கன்ட்ரோலர். இடது பக்கம் உடும்பு பிடிக்கும், நடப்பது அதன் வேலை. வலது பக்கம் கீரி, குத்துவது அதன் வேலை. "ஓடுறா" என்று கீரி கத்தும். "நீ முதல்ல குத்துடா" என்று உடும்பு கத்தும். பாதி நேரம் கொம்பன் ஓடவும் மாட்டான், குத்தவும் மாட்டான், நின்ற இடத்தில் செத்துப்போவான். காயத்தை ஆற்றும் இலைச்சாறு தொண்ணூற்றொன்பது குப்பி சேர்த்து வைத்திருந்தார்கள். பெரிய சண்டை வரும்போது குடிக்கலாம் என்று ஒரு குப்பியைக்கூடத் திறக்கவில்லை.

மூன்று பாகங்களும் வருஷத்துக்கு ஒன்றாக மளமளவென்று வந்தன. மூன்றாம் பாகத்தின் கடைசியில் கோட்டைக்கு அடியில் ஒரு கருங்கல் கதவு. கொம்பன் தன் கொம்பை முட்டுக்கொடுத்துத் தள்ளினான். கரகரவென்று சத்தம். கதவு பாதி திறந்து நின்றது. உள்ளிருந்து வெளிச்சம் வந்து அவன் முகத்தில் விழுந்தது. திரை கறுத்து, 'தொடரும்' என்று போட்டார்கள்.

இரண்டும் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"உள்ள என்னடா இருக்கும்?" என்றது கீரி.

"தெரியலையே" என்றது உடும்பு. ஒரு விஷயம் தெரியாமல் இருப்பதில் மாசிலாமணிக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அப்புறம் வீரபாகுவுக்குக் கல்யாணம் ஆகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒருமுறை மாசிலாமணி தேடிக்கொண்டு போனபோது, "இன்னுமா அதையே பிடிச்சுக்கிட்டிருக்கே? எனக்குப் புள்ளைங்களுக்குப் பாம்பு தேடவே நேரம் சரியா இருக்குப்பா" என்றது. பேச்சில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் மாசிலாமணிக்கு அதிகம் வலித்தது.

நாலாம் பாகத்துக்கான அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு சொல்: 'விரைவில்'. அடுத்த வருஷமும் அதே சொல், எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி. அடுத்த வருஷம் பின்னணி இசையோடு. இப்படி ஒன்பது வருஷம்.

சும்மா இருக்க முடியாத மாசிலாமணி, விலங்குகள் எல்லாம் அரட்டை அடிக்கும் 'புதர்' என்ற தளத்தில் 'அசல்கொம்பன்' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று வாரத்துக்கு ஒரு ஊகம். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம், படம், அம்புக்குறி. உடும்பு பிடித்தால் விடுமா? நானூற்றுப் பன்னிரண்டு ஊகங்கள் ஆகியிருந்தன.

பன்னிரண்டாவது பிறந்தநாளன்று அதற்கு வால் முதல் தடவையாக மரத்துப்போனது. நாலாம் பாகம் வருவதற்குள் நாம் போய்விடுவோமோ என்ற பயம் அன்றுதான் வந்தது. நேரில் கேட்டுவிடுவது என்று ஏரிக்கரைக்குப் புறப்பட்டது.

ஆமைகளின் அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. முகப்பில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு படிவம் கொடுத்தது. மாசிலாமணியின் முறை வந்ததும், "மத்தக் காலை ஊன்றினதும் வாங்க. இப்போ இடைவேளை" என்று கண்ணை மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து மற்ற காலை ஊன்றி, எதிர்பார்ப்புப் படிவம் ஒன்றை நீட்டியது.

"மூணு பிரதி. எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்."

முதல் கட்டம்: எத்தனை வருடங்களாக எதிர்பார்க்கிறீர்கள்? அடுத்தது: எதிர்பார்ப்பு சாதாரணமா, அவசரமா? கடைசிக் கட்டம்: எதிர்பார்ப்பவர் காலமானால் தொடர்ந்து எதிர்பார்க்க வேண்டிய வாரிசின் பெயர்.

"இதை விட்டுடலாமா?" என்று கேட்டது மாசிலாமணி.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் கேட்பாங்க. எழுதிடுங்க சார், இல்லேன்னா சிஸ்டம் எடுக்காது" என்றது கொக்கு.

மாசிலாமணி கொஞ்சம் யோசித்து, வீரபாகு என்று எழுதியது. உறவுமுறை என்ற இடத்தில் 'வலது பக்கம்' என்று போட்டது. கொக்கு அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியது.

நிறுவனத்தின் தலைவர் ஓர் ஆமை. பெயர் அச்சுதப்பர், வயது நூற்றுப் பத்து. மாசிலாமணி போய் நின்றதும் தலையை ஓட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, படிவத்தை நிதானமாகப் படித்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணுதான்" என்றது மாசிலாமணி. "விரைவில்னா எப்போ?"

"எங்க பேச்சுவழக்குல அது நாப்பது வருஷத்துக்குள்ள எப்ப வேணாலும்."

"எனக்கு மிஞ்சிப் போனா மூணு வருஷம்தாங்க இருக்கு."

ஆமைக்கு வருத்தமாகிவிட்டது. "தாமதம் எங்க மேல இல்ல தம்பி. மூணு பாகத்தை வருஷத்துக்கு ஒண்ணா குடுத்தவங்கதானே நாங்க? நாலாம் பாகத்தையும் முடிச்சாச்சு. ஒரு தடவை இல்ல, ஆறு தடவை முடிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் வெளியிடப் போற நேரத்துல புதர்ல எவனோ ஒருத்தன் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு புட்டுப்புட்டு வெச்சுடறான். ஊருக்கே தெரிஞ்ச கதையை வெளியிட்டா எங்களுக்கு என்ன மரியாதை? எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடியும் ஆரம்பிக்கறோம்."

மாசிலாமணி ஓரடி பின்னால் நகர்ந்தது. "எவனோன்னா... யாருங்க?"

"அசல்கொம்பன்னு ஒரு படுபாவி."

உடும்பின் இரட்டை நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு வேறொன்று வாயில் வந்தது. "ஆறும் சரியா இருந்துச்சா?"

ஆமை அதை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து வைத்தார். மேலே 'அசல்கொம்பன்' என்று எழுதியிருந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் ஆமைகளிடம் உள்ள சிரமம், கோபம் வந்து சேர நாளாகும்.

"ஏழாவது கதை இப்போ தயாராகுது" என்றார். "இருக்கறதுலயே இதுதான் உசத்தி. ரெண்டு வருஷத்துல குடுத்துடுவேன். நீங்க இருப்பீங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். இனிமே ஊகிக்கக் கூடாது."

மாசிலாமணி அங்கேயே உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. 'வச்சிரக் கொம்பனைப் பற்றி எழுத்தாலோ, பேச்சாலோ, சாடையாலோ எந்த ஊகமும் செய்ய மாட்டேன்' என்று கையெழுத்திட்டு, வால் ரேகையும் வைத்தது.

திரும்பி வந்து புதரில் தன் கணக்கை மூடவில்லை, பாஸ்வேர்டை மட்டும் ஒரு கல்லுக்கடியில் எழுதி வைத்து மறக்கப் பார்த்தது. முதல் மாதம் பெரிய பாடாக இருந்தது. எந்தப் பொந்தின் வாயைப் பார்த்தாலும் அந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. ஊகம் தானாகவே உள்ளே ஊறியது. ஒருநாள் வெயில் காயும்போது ஏழாவது கதை முழுசாக, முதலிலிருந்து கடைசிவரை, அதற்குப் பிடிபட்டுவிட்டது.  வாயில் ஒரு சுள்ளியைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை விடாமல் இருந்தது. அதற்கப்புறம் பரவாயில்லை. நடைப்பயிற்சி போனது, தவளை நல்லதாகப் பார்த்துச் சாப்பிட்டது. இரண்டு வருஷம் உயிரோடு இருக்க வேண்டுமே.

ஒரு வருஷமும் பத்து மாதமும் போயின. மாசிலாமணி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்போதுதான் முயல் தர்ஷன் வந்தது. அது மூன்றாம் பாகத்தை மட்டும் ஆடிய முயல். அதையும் போனில் ஆடியது. முதல் இரண்டு பாகங்களை யாரோ வேகமாகச் சுருக்கிச் சொன்ன வீடியோவில் பார்த்ததாம். அது புதரில் எழுதியது: 'நண்பர்களே, ஓவரா யோசிக்காதீங்க. கதவு பாதி திறந்து நிற்கறது ஒரு கோளாறு. ஆமைங்க சோம்பேறித்தனமா அப்படியே விட்டுட்டாங்க. உள்ள ஒண்ணும் கிடையாது.'

எண்ணூறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள்.

மாசிலாமணி அதைப் படித்தது. போனைக் கவிழ்த்து வைத்தது. தண்ணீர் குடித்தது. இன்னும் இரண்டே மாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. திரும்பவும் எடுத்துப் பார்த்தபோது விருப்பங்கள் ஆயிரத்து இருநூறு ஆகியிருந்தன. கீழே ஒரு மரங்கொத்தி, 'சூப்பர் ப்ரோ, இதான் உண்மை' என்று எழுதியிருந்தது.

கல்லைப் புரட்டியது.

'தம்பி தர்ஷனுக்கு' என்று ஆரம்பித்தது. 'இது ஊகம் இல்லை, திருத்தம் மட்டுமே. மூன்றாம் பாகத்தின் கடைசியில் காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். கொம்பன் தள்ளும்போது வலது காதில் ஒரு கரகரப்பு. இடது காதில் இன்னொரு கரகரப்பு, அரை நொடி தள்ளி. கதவை அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் தள்ளுகிறார். அதனால்தான் பாதியில் நிற்கிறது. அது யார் என்றால், அந்தச் சத்தமும் இதே கொம்புச் சத்தம்தான். அந்தப் பக்கம் நிற்பதும் கொம்பன். அவன் எதிரி என்று நினைத்து இவன் தள்ளுகிறான், இவன் எதிரி என்று நினைத்து அவன் தள்ளுகிறான். யார் முதலில் தள்ளுவதை நிறுத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் கதவு திறக்கும். நன்றி.'

அனுப்பிய பிறகுதான் அதற்கு வியர்த்தது. உடும்புகளுக்கு வியர்க்காது என்பார்கள். அன்று வியர்த்தது.

மறுநாள் காலை அறிவிப்பு வந்தது. 'தவிர்க்க முடியாத ஒருவர் காரணமாக, விரைவில் என்பது தள்ளிவைக்கப்படுகிறது.'

நாற்பது நாள் கழித்து ஆமை அச்சுதப்பர் மாசிலாமணியின் வளைக்கு வந்து சேர்ந்தார். அறிவிப்பு வந்த அன்றே திட்டுவதற்காகக் கிளம்பியவர். வழியிலேயே கோபம் ஆறிவிட்டது. நிழலில் உட்கார வைத்து மாசிலாமணி தண்ணீர் கொடுத்தது.

"அந்த இடது காதுச் சத்தத்தைச் சேர்த்தது நான் ஒருத்தன்தான். கூட வேலை செஞ்சவங்களுக்கே சொல்லல. எப்படிய்யா கேட்டே?" என்றார்.

"இடது பக்கம் எப்பவும் நான்தாங்க உட்காருவேன்."

ஆமை தலையாட்டினார். "எட்டாவது கதையை ஆரம்பிச்சிருக்கேன். எப்படியும் எட்டு வருஷம் ஆகும்."

மாசிலாமணி விரல்களை எண்ணிப் பார்த்தது. அதற்கு வயது பதினான்கு ஆகிவிட்டது. இரண்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் இப்போது கையில் கன்ட்ரோலர் இருந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அழுகை வந்தது. அழுதது.

"நீ எழுதினது அப்படியே என் கதைதான், ஒரு வரி மாறல" என்றார் ஆமை, சமாதானம் சொல்கிற மாதிரி.

அழுகை நின்றது. "ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட."

"அந்தக் கடைசி விஷயம், யார் முதல்ல நிறுத்தறாங்களோ அவங்களுக்குத்தான்னு..."

"அதுவும்தான்."

மாசிலாமணி முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.  பிறகு, ரொம்பப் பணிவாக, "ஐயா, சிரமம் பார்க்காம இதை அந்த முயல் வீட்டு வாசல்ல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டது.

"எவ்வளவு தூரம்?"

"உங்க நடைக்குப் பதினஞ்சு நாள் ஆகும்."

"உன் உடம்பு தாங்குமா?"

"அதுக்குத் தாங்கும்" என்றது மாசிலாமணி. மரத்துப்போன வாலை இழுத்துக்கொண்டு, ஆமைக்கு இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தது.

நீதி: ஆசைப்பட்டது கிடைத்தால் ஒரு வாரம் இனிக்கும். நாம் சொன்னதுதான் சரி என்று அடுத்தவன் முகத்துக்கு நேரே நிரூபணமானால் ஆயுசு முழுக்க இனிக்கும். ஆகவே ஆயுசு கொஞ்சமாக மீந்திருப்பவர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பது லாபம்.