கழற்றிய கதவு

இனி இரக்கம் கிடையாது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை முடிவு செய்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. வீரம் என்பது அதுதான்.

போத்தனூரில், நாங்கள் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், எனக்கு ஒரு வாடகை வீடு. உலகத்துக்கே பணமுடை வந்த காலம். பருத்தி விலை படுத்துவிட்டது. மில்லில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. குடியிருந்த கோவிந்தராஜுலு அந்த மில்லில் பிட்டர். தை மாதத்தோடு வாடகை நின்றது. எனக்கோ சர்க்காருக்கு நிலக் கிஸ்தி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மணியக்காரர் வந்து அண்டாவைத் தூக்குவார்.

கோர்ட்டுக்குப் போனால் வீடு வக்கீலுக்குப் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி, குடியிருப்பவர் வீட்டுக் கதவைக் கழற்றினேன். தேக்குக் கதவு, தூக்க முடியவில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் வீடு வரை வந்தவர் கோவிந்தராஜுலுவேதான்.

"பாத்துங்க, கால்ல போட்டுக்காதீங்க" என்றார். மரியாதைக்காரர்.

என் மனைவி சாமியாத்தாள் வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, இதென்னங்க?"

"கதவு."

"அது தெரியுதுங்க. ஊடு தொறந்து கெடந்தா நாய் பூந்துடாதுங்களா?"

"பூரட்டும். பின்னாலேயே வாடகையும் வரும்."

"அதுஞ் சரிதானுங்க."

என் மனைவி 'சரிதானுங்க' என்றால் நான் பயப்பட வேண்டும். அன்று மறந்துபோனேன்.

தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காகத் தாராபுரம் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், கதவையும் காணோம், மனைவியையும் காணோம். அடுத்த தெருவுக்கு ஓடினேன். கதவு இருந்த இடத்தில் பவானி ஜமக்காளம் தொங்கியது. என் மாமனார் சீராகக் கொடுத்தது. விருந்தாளிக்குக்கூட நான் விரிக்க விடாதது.

வாசலில் இரண்டு கல்லின்மேல் என் கதவு படுத்திருந்தது. அதன்மேல் இட்டிலிக் கூடை, சட்னிச் சட்டி. சுற்றிலும் ரயில்வேக்காரர்கள். ஊரில் சம்பளம் தவறாமல் வாங்குகிறவர்கள் அவர்கள்தானே! கோவிந்தராஜுலுவின் மனைவி வெங்கடலட்சுமி இட்டிலி வைக்க, சாமியாத்தாள் காசு வாங்கிக்கொண்டிருந்தாள். மாவாட்டிக்கொண்டிருந்த கோவிந்தராஜுலு எழுந்து கும்பிட்டார்.

"பசியோட வந்திருப்பீங்க, உக்காருங்க" என்றாள் சாமியாத்தாள்.

கோபத்தில் ஆறு இட்டிலி தின்றேன். கோபம் தணியவில்லை, இன்னும் நாலு தின்றேன்.

"பலகை வாங்கக் காசில்லாமத்தானுங்க இத்தனை நாளாக் கடை போடல. நல்லவேளை, நீங்க கழட்டிக் குடுத்தீங்க" என்றாள் வெங்கடலட்சுமி.

"வாடகை?" என்றேன் உறுமலாக.

சாமியாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இந்தாங்க, ஒரு மாசத்துது. கிஸ்தியக் கட்டிப்போட்டு வாங்க. மிச்சமெல்லாம் ஆடிக்குள்ள தீந்துபோகும்."

வாங்கிக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. "இது வீட்டு வாடகை. கதவுக்குத் தனி!"

"ஞாயந்தானுங்க" என்றவள் வெங்கடலட்சுமி பக்கம் திரும்பினாள். "அம்மணி, கதவுக்கு மாசம் எட்டணா போட்டுக்க. இவரு திங்கிறத அதுல கழிச்சுப்போடு."

ஆடியில் வாடகை பாக்கி தீர்ந்தது. என் இட்டிலி பாக்கிதான் தீரவில்லை. போன வாரம் கோவிந்தராஜுலு வந்தார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதைக்காரர். என் வீட்டுக் கதவை மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.