நாலு அரியரும் என் ஃபேஸ்புக் ஊழியமும்

ஸ்ரீபெரும்புதூர்,
12.7.2014

கர்த்தருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஞானசிகாமணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் சொர்ணமும் சுகம். தாங்களும் அக்காளும், தங்கள் முழங்கால் வலி ஒன்று நீங்கலாக, மற்ற எல்லாச் சுகங்களோடும் இருக்க ஜெபிக்கிறேன். "ரிட்டையரான பிறகு காலேஜ் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்கிறாயாமே, எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகப் போகிறது அத்தான். எப்படி நன்றாகப் போக ஆரம்பித்தது என்பதை மட்டும் அக்காளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்தில் ஒரு மாடி அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டம். ஒன்பது பேர் வருவார்கள். நான் பேசத் தொடங்கியதும் ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். என்ன பக்தி என்று ஆறு மாதம் பூரித்துப் போயிருந்தேன். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் எல்லார் மடியிலும் செல்போன் இருப்பது தெரிந்தது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நாமும் போவோம் என்று, பிரசன்னா என்ற மூன்றாம் வருஷ மாணவனிடம் சொல்லி ஃபேஸ்புக் கணக்கு ஆரம்பித்தேன். கண்ணில் பட்டதற்கெல்லாம் மரியாதைக்கு லைக் போட்டேன். ஒருவன் தன் தாத்தா இறந்த செய்தி போட்டிருந்தான், அதற்கும் போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவன் அதற்கு லைக் போட்டான்.

பிப்ரவரியில் பரீட்சை ரிசல்ட் வந்தது. நம் கூட்டத்துக்கு வரும் மதிவதனி, வல்லம் வடகால் சபைப் பெண், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: "அங்கிள், நாலு அரியர். அப்பாவுக்குத் தெரியாது. ஜெபம் பண்ணுங்க." எனக்கு மனசு உருகிவிட்டது அத்தான். அவளுக்கு மட்டும் போகிறது என்று நினைத்து, ஊரே பார்க்கிற இடத்தில், "மகளே மதிவதனி, நாலு பாடத்தில் தவறியதற்காகக் கலங்காதே, தகப்பனாரிடம் மறைத்திருக்கும் பாரத்தையும் ஜெபத்தில் வைக்கிறேன்" என்று எழுதிப் போட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு சபைக் குடும்பத்தைச் சந்தித்து ஜெபிக்கப் போய்விட்டேன். ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து பார்த்தால் அறுபத்துநாலு லைக்! ஒரு பிள்ளைக்காக அறுபத்துநாலு பேர் ஜெபிக்கிறார்களே என்று ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருந்தபோது பிரசன்னா போன் செய்தான்.

"இன்னா அங்கிள் பண்ணி வெச்சிக்கீறீங்க? ஃபர்ஸ்ட்டு அத்த தூக்குங்க!"

பதறிப்போய் எதையோ அழுத்தினேன். அது இன்னொரு தடவை ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் மதிவதனியின் அப்பா நாகப்பன், கம்பெனி பஸ் டிரைவர், யூனிபார்மோடு என் வாசலில் நின்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நாலு பேப்பர் போனதுகூட பரவால்ல ஐயா. எங்கிட்ட சொல்ல பயந்துகினு உங்ககிட்ட சொல்லிக்கீது பாருங்க, அதான் தாங்கல. அதையும் கேண்டீன்ல எவனோ போன்ல காட்டித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சந்திரம்மாள் டீ கொடுத்தார். மதிவதனி வெளியே வரவில்லை. கதவுக்கு உள்ளிருந்தே சொன்னாள்: "நான் உங்ககிட்ட ஜெபம்தான் கேட்டேன் அங்கிள். விளம்பரம் கேக்கல."

இத்தனை வருஷ ஊழியத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து, பிரசன்னாவைப் பக்கத்தில் காவலுக்கு உட்காரவைத்து, எழுதியதை நீக்கினேன். பிறகு அதே இடத்தில் எழுதினேன்: "குற்றம் என்னுடையது. அந்தப் பெண்ணை யாரும் கேலி செய்ய வேண்டாம். நான் பி.யு.சி.யில் இரண்டு தடவை ஃபெயில். மூன்று மாதம் என் அப்பாவிடம் மறைத்தேன்." தங்களுக்குத் தெரியும், அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னதே தாங்கள்தானே. சொர்ணத்துக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் போனில் படித்துவிட்டு வந்து, "ரெண்டு தடவையா?" என்று மட்டும் கேட்டாள். காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "எந்தப் பாடம்?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "எனக்கு ஆறு அங்கிள்." "எனக்குப் பதினொண்ணு, எனக்கும் சேத்து ஜெபிங்க." அடுத்த வெள்ளிக்கிழமை அறையில் முப்பத்தொரு பேர்! மதிவதனி மட்டும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள், என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள், ஜெபம் முடிந்ததும், "மேத்ஸ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாள். கடைசி வருஷப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். அன்றிலிருந்து அரைமணி ஜெபம், ஒருமணி கணக்கு. போன மாதம் ரிசல்ட். நாலில் மூன்று பாஸ். எனக்கு அதைச் சொன்னது நாகப்பன்.

"ஐயா, ரிசல்ட் பாத்தவுடனே மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணுச்சு!"

முப்பத்தொன்று குறையவே இல்லை அத்தான். இதை ஆண்டவர் அனுப்பிய எழுப்புதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அக்காளுக்கு என் அன்பு. ஆண்டவர் இரக்கம் தங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

தங்கள் ஜெபத்தை நாடும்,
தே. ஞானசிகாமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிரசன்னா வந்தான். எழுப்புதலைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றேன். சிரித்தான். "கீழ ஜெராக்ஸ் கடை சுப்பராயண்ணன் பிப்ரவரில வைஃபை போட்டாரு அங்கிள். நம்ம ரூம்லதான் சிக்னல் ஃபுல்லா வருது." வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அதை அணைத்துவிடச் சொல்லலாம் என்று கோபமாகப் படியிறங்கினேன். பாதிப் படியில் சற்று நின்றேன். பிறகு போய், மற்ற நாட்களில் எப்படியோ, வெள்ளிக்கிழமை மட்டும் அது எக்காரணம் கொண்டும் நின்றுபோகக் கூடாது என்று சுப்பராயனிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.