மூன்று தொப்பிகளும் ஒன்பதாம் பொருத்தமும்

சரவணை,
வேலணை.
29.08.1966

அன்புள்ள மைத்துனர் பரராசசிங்கத்துக்கு,

மாத்தறையில் நீரும் உமது மனைவி மக்களும் கடையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நயினை நாகபூசணி அம்பாளை வேண்டிக்கொண்டு, இங்கே நானும் உமது அக்கா கமலாதேவியும் மகள் இராசேஸ்வரியும் மூன்று தொப்பிகளும் இருக்கிற நிலைமையை எழுதுகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. துணிக்கடையின் ஒரு பக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் போடுகிற ஃபெல்ற் தொப்பிகளும் வைத்து விற்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர். அளவு கொடுத்துச் செய்விப்பது, ஒருவர் போட்ட பழையதை வாங்குவது, கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுப்பது ஆகிய மூன்றில் எது தரமானது, எது கொடுத்த காசுக்குப் பெறுமதியானது என்றும் கேட்டிருந்தீர். நான் புகையிரதப் பகுதிக் களஞ்சியத்தில் இருபத்தெட்டு வருடம் சாமான் பரிசோதித்தவன் என்பதால் கேட்டீர் போலும். உமது அக்கா எனக்குத் தெரியாமல் உமக்கு முன்னமே ஏதும் எழுதிப் போட்டிருந்தால், அவ எழுதியதில் பாதியைக் கழித்துவிட்டு இதை வாசிக்கவும். உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் தலையில் எண்ணெயைத் தவிர வேறொன்றும் வைத்தறியாத நான், பென்சன் எடுத்த ஆறாம் வருடத்தில், ஆறு கிழமைக்குள் மூன்று ஃபெல்ற் தொப்பிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். ஆகவே இந்த விடயத்தில் தீவுப் பகுதியில் என்னிலும் அனுபவசாலி கிடையாது.

காரணம் இராசேஸ்வரியின் கலியாணம். அவளுக்கு வருகிற ஐப்பசியில் முப்பத்தொரு வயது முடிகிறது. (நான் வயதை எழுதினேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டாம்.) முதல் பேச்சு சாதகத்தில் நின்றது. இரண்டாவது ஒரு கிணற்றுப் பங்கில் நின்றது. மூன்றாவது ஏன் நின்றது என்று இரண்டு பகுதிக்கும் இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, ஒன்றும் நடவாததுபோலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருப்பாள். அந்த ஒன்றும் நடவாத முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கும் உமது அக்காவுக்கும் ஏலாத காரியம். இப்படி இருக்கையில் ஆனி மாதக் கடைசியில் தரகர் மார்க்கண்டர் வந்து, புங்குடுதீவு மடத்துவெளியில் அரியநாயகம் என்று மலாயாப் பென்சன்காரர் ஒருவர் இருக்கிறார், மகன் சிவகுரு பொலநறுவையில் நீர்ப்பாசன ஓவசியர், பிள்ளை தங்கக் கம்பி, பொருத்தம் பத்தில் எட்டு என்றார். நான் சந்தோஷப்பட வாயைத் திறக்குமுன் அவர் கையைக் காட்டி மறித்தார்.

"அண்ணை, ஒரு விசயம். அவர் தொப்பிக்காரர். ஃபெல்ற் தொப்பி இல்லாமல் படலைக்கு வெளியிலை கால் வைக்கமாட்டார். தொப்பி போடாத ஆளை மதிக்கவும் மாட்டார்."

"நான் தொப்பி போடுறேல்லையே."

"நீங்கள் போடுறனீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"அவர் கேட்டவர், நான் சொன்னனான். இனி உங்கடை கெட்டித்தனம்."

உமது அக்கா குசினிக்குள் நின்றபடியே, "எங்கடை ஐயா எண்பது வயது மட்டும் ஒரு சால்வையோடை திரிஞ்சவர், அவருக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றா. இராசேஸ்வரி கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல், "தொப்பியிலை தொங்கிற கலியாணம் எனக்கு வேண்டாம் ஐயா" என்றாள். ஆனால் கையிலிருந்த சிவப்புப் பென்சில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகு நான் தொப்பி தேடாமல் இருக்க முடியுமா, நீரே சொல்லும்.

முதலில் அளவு கொடுத்துச் செய்விப்பது. கொழும்புக் கோட்டையில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. கடிதம் எழுதினால் ஒரு படிவம் அனுப்புவார்கள். தலையின் சுற்றளவைத் தொழில் தெரிந்த தையற்காரர் ஒருவர் எடுத்துக் கையொப்பமும் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பஸ்ரியாம்பிள்ளையிடம் தலையைக் கொடுத்தேன். முப்பது வருடமாகத் தீவு முழுவதற்கும் பள்ளிக்கூடப் பெடியளின் களிசான் தைக்கிறவர். நாடாவை மூன்று தரம் சுற்றிப் பார்த்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதி, கையொப்பமும் வைத்தார். நாற்பத்தைந்து ரூபாய் மணியோடரும் போயிற்று. மூன்று கிழமையில் தொப்பி வந்தது. பொருளைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது: முயல் மயிரை அமுக்கிச் செய்த ஃபெல்ற், தடவினால் பூனைக் குட்டியின் முதுகு, உள்ளே தோல் பட்டி, பட்டியில் பொன்னெழுத்தில் எனது பெயர். தலையில் வைத்தேன். அது தலையில் தங்காமல் நேரே இறங்கி, காதுகளைக் கடந்து மூக்கில் வந்து நின்றது. தொப்பிக்குள் இருந்த எனக்கு உமது அக்கா சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படியே எடுத்துக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளையிடம் போனேன்.

"ஐயா, சுருங்கிறதுக்கு முக்கால் அங்குலம் விட்டனான்" என்றார் அவர், ஒரு நியாயமும் குறையாத முகத்தோடு. "வளரிறதுக்கு ஒண்டரை."

"எனக்கு அறுபத்தொரு வயது, பஸ்ரியாம்பிள்ளை."

"தெரியும் ஐயா. ஆனால் விடாமல் அளவு எழுத எனக்குக் கை வராது. ஒருக்கால் ஒரு பெடியனுக்கு விடாமல் தைச்சுப்போட்டு, தாய் மனிசி என்ரை வாசல்லை நிண்டு பேசின பேச்சு இண்டைக்கும் காதுக்கை நிக்குது."

"களிசானை மடிச்சுத் தைக்கலாம். தொப்பியை என்ன செய்யிறது?"

"அதையும் மடிச்சுத் தைக்கலாம்" என்றார். நான் தடுக்குமுன் நாலு பக்கமும் மடித்துத் தைத்தே விட்டார். இப்போது அது தொப்பியாகவும் இல்லை, கொழுக்கட்டையாகவும் இல்லை. பஸ்ரியாம்பிள்ளையில் எனக்குக் கோபமும் இல்லை. அறுபத்தொரு வயதில் நான் இன்னும் வளருவேன் என்று நம்புகிற மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது, பழையது. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த தம்பையரை உமக்கு நினைவிருக்கும். தீவுகள் எல்லாம் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் ஊசி குத்தினவர். அவர் காலமாகி நாலு வருடம். அவருடைய தொப்பி அலுமாரிக்கு மேலே அப்படியே இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அவர் மனைவி இராசமணி அக்காவிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். காசு வேண்டாம் என்றா. பிறகு, "சும்மா தந்தால் அவரின்ரை சாமானுக்கு மதிப்பில்லை எண்டு போயிடும்" என்று தானே யோசித்துப் பன்னிரண்டு ரூபாய் வாங்கினா. அந்த நாளைய இத்தாலித் தொப்பி, முப்பது வருடப் பழசு. ஒரு பூச்சி தொடவில்லை, நிறம் மாறவில்லை, விளிம்பு வளையவில்லை. எனது தலைக்கென்றே பிறந்ததுபோல இருந்தது. எனக்கும் தம்பையருக்கும் ஒரே தலை என்பதை அவர் இருக்கும்போதே அறிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பழகியிருப்பேன்.

போட்டுப் பழகுவதற்காக அன்று பின்னேரமே வங்களாவடிச் சந்திப் பக்கம் நடந்தேன். முதல் வளைவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைக் கண்டதும் பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒன்று வேப்பமரத்தில் ஏறிவிட்டது. இரண்டாம் வளைவில் ஒரு தாய், குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயா, என்ரை பிள்ளைக்கு ரெண்டு கையிலையும் குத்தியாச்சு! வேணுமெண்டால் தழும்பைப் பாருங்கோ!" என்று கத்தினா. நான் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டி, நான் வைத்திலிங்கம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. தீவில் முப்பது வருடம் ஊசியோடு வந்த தொப்பி, ஊசி இல்லாமல் வருகிறதென்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் ஐந்து நாள் அதைப் போட்டேன். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு நான் அந்த ஒழுங்கையால் போகும்போது இராசமணி அக்கா படலையில் வந்து நின்றா. தொப்பி வளைவில் மறையும் மட்டும் நின்றுவிட்டு உள்ளே போனா. ஆறாம் நாள் உமது அக்கா, "செத்த மனிசன்ரை தொப்பியோடையோ நல்ல காரியம் பேசப் போறியள்?" என்று கேட்டுவிட்டா. தொப்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்க இன்னும் நாலு நாள். யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போய், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த தொப்பிகளில் மண்ணிறமானது ஒன்றைப் பதினெட்டு ரூபாய் எழுபத்தைந்து சதத்துக்கு வாங்கினேன். பெரிதுமில்லை, சிறிதுமில்லை. யாருடைய தொப்பியென்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மனம் ஆறியது. இராசேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோளகக் காத்து இதைக் கடலுக்கை கொண்டுபோயிடும் ஐயா" என்று சொல்லி, நாடியில் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்துத் தந்தாள். தொப்பியில் தொங்குகிற கலியாணம் வேண்டாம் என்றவள் தைத்த தையலைப் பார்த்தீரானால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்.

சந்திப்பு போன வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்பாள் கோயிலில். இரண்டு பகுதிக்கும் பொதுவான இடம். குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறினோம். அவள் தைத்த நாடாவால் காற்று தொப்பியைக் கொண்டுபோகவில்லை. ஆனால் கடல் தொப்பிக்கு வந்தது. பாதி வழியில் அலை எழும்பி அள்ளி எறிந்த தண்ணீரில் தொப்பி முற்றாக நனைந்து, சாயம் இளகி, நெற்றியால் இறங்கத் தொடங்கியது. வெயிலில் அது காயக் காயச் சுருங்கித் தலையைக் கவ்வியது. இறங்குதுறையில் கால் வைத்த பிறகுதான், களஞ்சியத்தில் சாமான் பரிசோதித்த எனது மூளைக்கு ஒரு விடயம் எட்டியது: கோயிலுக்குள் ஆண்பிள்ளை சட்டையையே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், தொப்பியோடு எவர் விடப்போகிறார்? ஆறு கிழமை தொப்பி தேடிய எனக்கும், எனக்கு நாளும் பொழுதும் புத்தி சொல்லுகிற உமது அக்காவுக்கும் அது தோன்றவே இல்லை. கழற்றுவோம் என்றால் நனைந்த நாடா முடிச்சு இறுகிக் கல்லாகி விட்டது. இராசேஸ்வரி கொண்டை ஊசியை எடுத்து, "ஆட்டாதேங்கோ ஐயா, தலையை ஆட்டாதேங்கோ" என்று வெயிலில் நின்று ஒருவாறு அவிழ்த்தாள்.

அப்போதுதான் பக்கத்து மர நிழலில் ஒருவரைக் கண்டோம். எங்களுக்கு முந்திய லோஞ்சில் வந்தவர். அவருக்கும் மண்ணிறத் தொப்பி. அவருக்கும் நாடியில் நாடா. திருநீற்றுக் குறியின் குறுக்கே மண்ணிறக் கோடு காது வரைக்கும் வழிந்திருந்தது. மனைவி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தா. மகன் கையில் துவாயோடு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

இராசேஸ்வரி யோசிக்கவே இல்லை. நேரே போனாள். "ஐயா, உங்கடையையும் கழட்டி விடட்டோ?"

"ஓம் பிள்ளை, நல்லாயிருப்பாய். அரை மணித்தியாலமா மல்லுக்கட்டுறன். பூசைக்கு மணியும் அடிச்சிட்டுது."

"ஆர் நாடா தைச்சது?"

"என்ரை மனிசி."

"நல்ல தையல்" என்றாள் இவள், ஊசியை முடிச்சுக்குள் விட்டபடி. "நனைஞ்சால் இறுகும் எண்டு எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

தொப்பி கழன்று அவர் கையில் வந்தது. அவர் தனது தொப்பியையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியகடையோ?" என்றார்.

"ஓம்."

"எவ்வளவு தந்தனீங்கள்?"

"பதினெட்டு எழுபத்தைஞ்சு."

"எனக்குப் பதினெட்டு ஐம்பதுக்குத் தந்தவன்" என்றார். அந்த இருபத்தைந்து சதம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து மார்க்கண்டர் கோயில் பக்கமிருந்து ஓடி வந்து, "என்ன, ரெண்டு பகுதியும் கதைச்சுப் பழகியாச்சோ!" என்றார். அவர்தான் அரியநாயகம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மார்க்கண்டர்," என்றார் அரியநாயகம் மெதுவாக, "இவர் தொப்பி போடாத ஆக்களை மதிக்கமாட்டார் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீர்?"

"எனக்கு உங்களைப் பற்றி அப்பிடித்தான் சொன்னவர்" என்றேன்.

"நானோ? மலாயாவிலை உத்தியோகத்துக்குப் போட்டது. வந்த வருசமே கறையான் திண்டிட்டுது. பதினொரு வருசமா நான் சால்வைதான்."

மார்க்கண்டர் கொஞ்சமும் அசையவில்லை. "சாதகத்திலை எட்டுப் பொருத்தம்தான் கிடந்தது. மூண்டு தரம் பேச்சுக் குழம்பின பிள்ளை, எட்டை நம்பி விடலாமோ? ஒன்பதாவதை நான் உண்டாக்கினன்" என்றார்.

அரியநாயகம் அவரைப் பேசத்தான் வாயெடுத்தார். பேசாமல், கொண்டை ஊசியைத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டு நின்ற இராசேஸ்வரியைப் பார்த்து, "நாங்கள் பாக்க வந்த பிள்ளை இதுவோ?" என்று கேட்டார். "இதுதான்" என்றார் மார்க்கண்டர். "அப்ப பாத்தாச்சு" என்றார் அவர். மாப்பிள்ளைப் பெடியன் முன்னுக்கு வந்து என் நெற்றியைத் துடைக்கும்படி துவாயைத் தந்தார். தந்தது எனக்கு. பார்த்தது எனக்குப் பின்னால். பிறகு எல்லோரும் வெறுந்தலையோடு உள்ளே போய்க் கும்பிட்டோம்.

திரும்பி வரும்போது லோஞ்சில் இராசேஸ்வரி, "ஐயா, அந்தத் துவாயைத் திருப்பிக் குடுக்கேல்லையோ?" என்று கேட்டாள். மறந்துபோனேன் என்றேன். "பரவாயில்லை, நான் தோய்ச்சு வைக்கிறன்" என்று சொல்லிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமது அக்கா சால்வைத் தலைப்பை வாங்கிக் கண்ணைத் துடைத்தா, என்னுடைய சால்வைதான். தை மாதம் கலியாணம்.

ஆகவே, உமது கேள்விக்கு எனது முடிவு: அளவு கொடுத்துச் செய்வித்தது பொருளில் முதல் தரம், இப்போது அதன் தையலைப் பிரித்து உமது அக்கா கோழி அடை வைத்திருக்கிறா. பதினொரு முட்டை தாராளமாகக் கொள்ளுகிறது, வளர்ச்சிக்கு விட்ட இடம் வீண்போகவில்லை. பழையது மூன்றிலும் சிறந்தது, ஆனால் அது தம்பையருடையது. கொண்டுபோய் இராசமணி அக்காவிடம் கொடுத்தேன், பன்னிரண்டு ரூபாயை எண்ணித் தந்துவிட்டு ஆணியில் கொழுவினா. பெரியகடைத் தொப்பி இப்போது ஒரு தேங்காய்க்குத்தான் அளவு. மார்க்கண்டருக்குக் கொடுக்கப்போகிற வேட்டி சால்வைக்கு மேலே அதையும் வைப்பதாக இருக்கிறேன். மொத்தத்தில் சோளகம் வீசுகிற, கோயிலுக்குப் போகிற, சால்வை வைத்திருக்கிற ஒரு மனிதனுக்கு ஃபெல்ற் தொப்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை. நீர் கடையில் வைக்க வேண்டாம். இது எனது தீர்ந்த முடிவு.

உமது மனைவி மக்களுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். அம்பாள் உமது தலையையும் கடையையும் காற்றில்லாத பக்கமாக வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உமது அத்தான்,
க. வைத்திலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சம்பந்தி ஆள் அனுப்பினார். கலியாணப் படம் மலாயாவிலுள்ள அவருடைய ஆட்களுக்குப் போகுமாம். அதில் தகப்பன்மார் இருவரும் நல்ல ஃபெல்ற் தொப்பியோடு நிற்பது கட்டாயமாம். நீர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது கோட்டைக் கடையில் இரண்டுக்குச் சொல்லிவிடவும். அளவுகள் இத்துடன். பஸ்ரியாம்பிள்ளைதான் எடுத்தார்; வேறு ஆள் இல்லை. ஒன்றும் விடவில்லை என்று அந்தோனியார்மேல் சத்தியம் பண்ணினார். ஆனாலும் நாங்கள் இருவரும் இனி வளரமாட்டோம் என்று கடையில் ஒருமுறை சொல்லி வைக்கவும்.